குக்கரில் கவிழ்த்த தொப்பி

“ஏனுங்க அத்தை, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அழுக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமுங்களா?”

இதே வார்த்தை. ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிள்ளை பெற்று மூன்றாவது நாள் வீட்டுக்கு வந்த மருமகள், கையில் ஒரு தொப்பியைப் பிடித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. இல்லையில்லை, அந்தப் பெட்டியை மேலே வைக்க வேண்டாம். என் மடியிலேயே இருக்கட்டும். கிளம்பும்போது காலடியில் வை என்றாள் அந்தப் பணிப்பெண், வைத்தேன். இப்போதுதான் விமானம் நேராகிவிட்டதே. கேக் இல்லை. எல்லோரும் கேக் என்றுதான் நினைக்கிறார்கள். சோதனை செய்கிற இடத்தில் ஒருவன் ‘ஹேப்பி பர்த்டே’ என்றுகூடச் சொன்னான். உள்ளே இருப்பது அந்தத் தொப்பிதான்.

நீங்கள் தமிழ் என்று உட்கார்ந்த உடனேயே தெரிந்துவிட்டது. தலையணை உறையைத் தடவிப் பார்த்தீர்களே, சுத்தமாக இருக்கிறதா என்று. நல்ல வழக்கம். நான் வசுமதி. திருச்சி. தோஹா வரைக்கும் பதினாலு மணி நேரம் இருக்கிறது, நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், தப்பு யார் பக்கம் என்று.

என் மகன் நிரஞ்சன் டெக்சாஸில் இருக்கிறான். மருமகள் பூங்கொடி அங்கேயே பிறந்தவள். பேரைப் பாருங்கள், பூங்கொடி! அவள் அப்பா காங்கேயம் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள், அப்பாதான் வளர்த்தார். அவரிடம் மட்டுமே தமிழ் கற்றதால், அமெரிக்காவில் பிறந்தவள் “வரோணுங்க, போகோணுங்க” என்று பேசுகிறாள். முதல் தடவை போனில் கேட்டபோது யாரோ சந்தையிலிருந்து பேசுகிறார்கள் என்று நினைத்தேன். நான் படித்தது கான்வென்டில். எங்கள் சிஸ்டர் பெர்னடெட் ஒரு வார்த்தை பிசகினாலும் ஸ்கேலைத் திருப்பிப் பிடிப்பார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சம்பந்தி டாக்டர் குழந்தைவேலு. கல்யாணப் பத்திரிகையில் ‘டாக்டர்’ என்றுதான் போட்டோம். என்ன டாக்டர் என்று கேட்டவர்களிடம் ‘சர்ஜன்’ என்றேன். பொய்யா? இல்லை. சர்ஜன்தான். ஆனால் மாட்டுக்கு. நம் ஊரில் படித்துவிட்டு, நாற்பது வருடத்துக்கு முன்னால் டெக்சாஸ் போய், பண்ணை பண்ணையாகச் சுற்றி, பசுவுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக் கன்றை வெளியே இழுப்பது. அதுதான் உத்தியோகம். என் வீட்டுக்காரர் பேங்க் மானேஜர். தினமும் காலையில் நான்தான் அவருக்கு டை கட்டிவிடுவேன். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். ஸ்கூல் யூனிஃபார்மிலேயே டை உண்டு எங்களுக்கு. திருச்சி வெயிலில், முழங்கால் வரைக்கும் சாக்ஸும் கழுத்து வரைக்கும் பட்டனுமாக. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. உடுப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும், ஒரு அர்த்தம் வேண்டும்.

கல்யாணத்துக்கு வந்தார் பாருங்கள் இந்த டாக்டர். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, எல்லாம் சரி. தலையில் தொப்பி! சாம்பலும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறத்தில், கூரை வேய்ந்த மாதிரி இவ்வளவு அகலம். காலில் மூக்கு நீண்ட பூட்ஸ், வேட்டிக்குக் கீழே! மண்டப வாசலில் நாகஸ்வரக்காரர் ஊதுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டார். என் நாத்தனார் காதருகே வந்து, “அண்ணி, சம்பந்தி ஏதாவது மாறுவேடப் போட்டிக்குப் போய்விட்டு வருகிறாரா?” என்றாள். நான் நேரே போய்ச் சொன்னேன், “சம்பந்தி, அதைக் கழட்டிடுங்க, போட்டோ எடுக்கறாங்க” என்று. கழற்றினார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கோணுமுங்க சம்பந்தி, பழக்கமாயிருச்சு” என்றார். பிறகு ஒரு நாற்காலியில் அதைக் குப்புற வைக்காமல் மல்லாக்க வைத்தார். அங்கே அதுதான் முறையாம். மல்லாக்க இருந்தால் நம் ஜனங்கள் விடுவார்களா? எங்கள் பெரியம்மா ஒருவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளி அதில் போட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி பார்த்தார். சாப்பாடு முடிந்ததும் காம்பையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

போன வருஷம் அவர் போய்விட்டார். மாரடைப்பு. பண்ணையிலிருந்து திரும்பும் வழியில், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு.

பூங்கொடிக்கு அப்போது மூன்று மாதம். அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. பிரசவத்துக்கு யார் வருவார்கள்? நான்தான். ஆறு மாதத்துக்கு டிக்கெட் போட்டேன். மருந்துப் பொடி, சுக்கு, பூண்டு ஊறுகாய், பழைய வேட்டித் துணி, எல்லாம் மூன்று பெட்டி. விமான நிலையத்தில் அந்தப் பெண் நிறைவயிற்றோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “அத்தை, இனி எனக்கு பயமில்லீங்க” என்றாள். ஓடாதேடி என்றுதான் திட்டினேன்.

அந்த ஊரைப் பற்றி என்ன சொல்வது? மாடு இருக்கிற ஊர் என்று நினைத்துப் போனேன். இரண்டு மாதத்தில் ஒரு மாட்டைக்கூட நான் பார்க்கவில்லை, தட்டில் தவிர. ஆனால் எல்லோரும் மாடு மேய்க்கிறவன் வேஷம்! பல் டாக்டர் மூக்கு நீண்ட பூட்ஸ் போட்டுக்கொண்டு பல்லைப் பிடுங்குகிறார். நிரஞ்சனுடைய ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் கௌபாய் தொப்பியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டுமாம். ஒருவன் கழுத்தில் டைக்குப் பதிலாக ஷூ லேஸ் மாதிரி ஒரு கயிறு, நடுவில் ஒரு வெள்ளி வில்லை. அதுவும் டைதானாம்! சிஸ்டர் பெர்னடெட் பார்த்திருந்தால் அந்தக் கயிற்றாலேயே அவனை ஜன்னல் கம்பியில் கட்டியிருப்பார். கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். நம் பிள்ளையார் கோயில்தான். அங்கே வெளியே செருப்பு விடுகிற இடத்தில் பன்னிரண்டு ஜோடி பூட்ஸை எண்ணினேன். அதில் ஒன்று மலைப்பாம்புத் தோல். பிள்ளையார் வாசலில் மலைப்பாம்பு!

பூங்கொடிக்கு அவள் சிநேகிதிகள் ஒரு வளைகாப்பு வைத்தார்கள், அவர்கள் ஊர் வழக்கப்படி. அதற்கும் கௌபாய் அலங்காரம். வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்ட மேஜை விரிப்பு, மாட்டுத் தோலாம். பிறக்கிற குழந்தைக்குக் கட்டைவிரல் அளவு பூட்ஸ். பெண்களெல்லாம் ரோஜா நிறத் தொப்பி, அதில் கண்ணாடிக் கல் பதித்த பட்டை. சட்டைக் கையிலிருந்து குஞ்சம் குஞ்சமாகத் தொங்குகிறது, தேர்ச்சீலை மாதிரி. ஒருத்தியின் ஜீன்ஸ் இரண்டு முழங்காலிலும் கிழிந்திருந்தது. நான் பாவம் என்று ஊசி நூல் எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடிதான் சிரிக்காமல், “அத்தை, அது அப்படியே கிழிச்சுத்தான் விக்கறாங்க” என்று என் கையிலிருந்து ஊசியை வாங்கி வைத்தாள்.

அது நல்ல பெண்தான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

சரி, தொப்பிக்கு வருகிறேன். குழந்தைக்கென்று ஓர் அறை தயார் செய்திருந்தார்கள். தொட்டில், திரை, பொம்மை எல்லாம் புதுசு. தொட்டிலுக்கு நேர் மேலே சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் சம்பந்தியின் தொப்பி. வந்த முதல் நாளே நான் பார்த்துவிட்டேன். தலை படுகிற இடத்தைச் சுற்றிக் கறுப்பாக வியர்வைக் கறை, கடல் அலை மணலில் விட்டுப் போகிற கோடு மாதிரி, ஒன்றுக்கு மேல் ஒன்று. முன்பக்கத்தில் விரல் வைத்து வைத்து எண்ணெய் ஏறிப் பளபளக்கிறது. கிட்டே போனால் மாட்டுக் கொட்டகை, மருந்து, மனுஷன், எல்லாம் கலந்து ஒரு நாற்றம். பச்சைக் குழந்தை படுக்கிற இடத்துக்கு மேலே! ஒரு தடவை ஜாடையாகச் சொன்னேன். “இருக்கட்டுமுங்க அத்தை” என்றாள். சில நாள் மத்தியானம் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குழந்தைத் துணி மடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று நாள் நான் வீட்டில் தனி. நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளை வீட்டுக்கு வருவதற்குள் வீட்டைக் கழுவி விடுவீர்களா, மாட்டீர்களா? நம் வீடுகளில் யாராவது கழுவாத வீட்டுக்குள் பிள்ளையைக் கொண்டுவருவார்களா? திரையெல்லாம் துவைத்தேன். மிதியடி துவைத்தேன். தொட்டில் கம்பியை ஒவ்வொன்றாக டெட்டால் போட்டுத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், அது.

மெஷினில் போடவில்லை, அந்த அளவுக்கு எனக்கு விவேகம் உண்டு. கையால் துவைத்தேன். கொதிக்கிற வெந்நீர், சோப்புத் தூள், கொஞ்சம் பிளீச். பிரஷ் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். தண்ணீர் என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள்? கஷாயம்! நாலு தண்ணீர் மாற்றினேன். நாற்பது வருஷத்து அழுக்கு அது, லேசில் போகுமா? என் முழங்கை இரண்டு நாள் வலித்தது. கடைசியில் வெள்ளை வெளேரென்று வந்தது. வடிவம் கெட்டுவிடக் கூடாதே என்று அஞ்சு லிட்டர் குக்கரைக் கவிழ்த்து, அதன்மேல் மாட்டி, கொல்லைப்புற வெயிலில் வைத்தேன். இவ்வளவு அக்கறை யார் எடுப்பார்கள்?

முயல் ரோமத்தை அமுக்கிச் செய்ததாம் அது. வெந்நீர் பட்டால் சுருங்குமாம். எனக்கு எப்படித் தெரியும்? கான்வென்டில் ஷேக்ஸ்பியர் சொல்லிக் கொடுத்தார்கள், முயல் ரோமம் சொல்லிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் குக்கரைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. தோசைத் திருப்பியைச் சொருகி நெம்பித்தான் எடுத்தேன். மேலே தட்டையாக, பக்கமெல்லாம் நேராக, அச்சு அசல் குக்கர். விளிம்பு ஒரு பக்கம் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. என்றாலும் சுத்தம். சுத்தமாக இருந்தது. ஆணியில் மாட்டிவிட்டேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆரத்தி எடுத்தேன். நேரே அந்த அறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன், திரையைப் பார்த்து ஏதாவது சொல்வாள் என்று. ஆணியைப் பார்த்தாள். குழந்தையை நிரஞ்சனிடம் கொடுத்தாள். தொப்பியை எடுத்து, கவிழ்த்து, முகத்தை அதற்குள் வைத்தாள். ரொம்ப நேரம். இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். மூச்சு முட்டுகிறதோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் நிமிர்ந்து கேட்டாள், முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியை. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

நான் சொன்னேன், “என்னடி இது, ஒரு தொப்பிக்காக? சுருங்கினா என்ன, பேரன் அஞ்சு வயசுல போட்டுக்கட்டும், அளவா இருக்கும்.” சமாதானமாகத்தான் சொன்னேன். நிரஞ்சன், “அம்மா, போதும்மா” என்றான். என்ன போதும்?

அன்றிலிருந்து நான் அவளுக்கு அத்தை இல்லை. ‘ஆன்ட்டி’. “ஆன்ட்டி, பால் சூடு பண்ணணும், கொஞ்சம் நகர்றீங்களா.” அந்த ‘ணுங்க’ எல்லாம் எங்கே போயிற்று? நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் அந்தப் பேச்சை. இப்போது பத்திரிகைத் தமிழ் பேசுகிறாள் என்னிடம், முன்பின் தெரியாதவளிடம் பேசுகிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை. நிரஞ்சனிடம் சொல்வாள், அவன் என்னிடம் சொல்வான், மூவரும் ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு.

பத்து நாள் கழித்து நிரஞ்சன் தொப்பியையும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனான். சம்பந்திக்கு அந்தத் தொப்பியை விற்ற கடையாம். கடைக்காரர் டுவேன் என்று ஒரு கிழவர். ஆவி பிடிக்கிற பாத்திரம் மாதிரி ஒன்றில் தொப்பியைக் காட்டிக் காட்டி, கையாலேயே வளைக்கிறார். என்னைப் பார்த்ததும் தன் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டு ‘மேம்’ என்றார். மரியாதையான மனிதர்தான், ஆனால் அவர் இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியவில்லை. நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. கான்வென்ட் இங்கிலீஷ்! நிரஞ்சன் நடுவில் நின்று இங்கிலீஷை இங்கிலீஷில் மொழிபெயர்த்தான்.

அவர்தான் எல்லாம் சொன்னார். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் இருந்ததாம். தொப்பி மழைக்குக் குடை, வெயிலுக்குக் கூரை, அவசரத்துக்கு நாய்க்குத் தண்ணீர் வைக்கிற பாத்திரம். பூட்ஸ் மூக்கு கூராக இருந்தால் குதிரைச் சேணத்தில் தொங்குகிற மிதி வளையத்தில் கால் சட்டென்று நுழையும். குதிகால் உயரமாக இருந்தால் நழுவாது. சட்டையில் பட்டனுக்குப் பதில் அமுக்குப் பொத்தான், மாட்டுக் கொம்பிலோ முள்ளிலோ மாட்டினால் படக்கென்று திறந்துகொள்ளும், ஆள் பிழைப்பான். குஞ்சம்கூட மழைத் தண்ணீர் வழிந்து போவதற்கு என்றார். பிறகு பாட்டுக்காரர்கள் மேடையில் போட ஆரம்பித்தார்களாம். சுவரில் போட்டோ வைத்திருக்கிறார்: சட்டை முழுக்க ரோஜாப்பூ பின்னி, ஜிகினா ஒட்டி, ஒரு ஆம்பிளை, நம் ஊர் கரகாட்டக்காரி தோற்றாள். இப்போது எல்லோரும். குதிரை போய்விட்டது, குதிகால் மட்டும் நிற்கிறது.

அங்கே ஒரு அலமாரியில் புதுத் தொப்பிகள். எல்லாவற்றிலும் வியர்வைக் கறை! “இதென்ன, பழசை விற்கிறாரா?” என்றேன். இல்லையாம். புதுத் தொப்பிக்கு அவரே சாயம் வைத்துக் கறை போட்டுத் தருவாராம். விளிம்பை நெருப்பில் காட்டி, உப்புத்தாளில் தேய்த்து. வக்கீலும் கம்ப்யூட்டர்காரனும் வாங்கிப் போகிறார்களாம், அதிக விலைக்கு. கேட்டீர்களா? அழுக்கை விலைக்கு விற்கிறார்கள், வாங்குகிறார்கள்! நான் ஓசியில் துவைத்துக் கொடுத்தால் குற்றம்!

நான் சொன்னேன், நிரஞ்சனிடம், “அப்போ இதுலயும் அப்படி ஒரு கறை போட்டுக் குடுக்கச் சொல்லேன், முடிஞ்சுபோச்சு” என்று. அவன் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்தக் கிழவருக்குப் புரிந்துவிட்டது போல. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் வலது ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம், நான் தேய்த்தும் போகவில்லை. அதில் தன் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். டாக் வேல், அங்கே சம்பந்திக்கு அதுதான் பெயர், இப்படித்தான் பிடித்துத் தூக்குவார் என்றார். எல்லோரையும் பார்த்துத் தூக்குவாராம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்தும், மாட்டைப் பார்த்தும். வடிவத்தைக் கொஞ்சம் மீட்டுத் தரலாம், மற்றது என்னால் முடியாது மேம் என்றார். இந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

திரும்பி வரும் வழியில் நிரஞ்சன், “அம்மா, கொஞ்ச நாள் அவளைத் தனியா விடலாம்மா” என்றான். நானே கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் அனுப்பவில்லை, நானே. டிக்கெட்டை மட்டும் அவன் முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தான். ஆறு மாதம் என்று போனவள் இரண்டு மாதத்தில் வருகிறேன். பேரனுக்குத் தலை நிற்கவில்லை இன்னும். என்னை அடையாளம் தெரியாது. பெயர்கூட வைத்தாகிவிட்டது, வேலன்.

இன்று காலை வாசலில் பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. பூங்கொடி உள்ளேயிருந்து இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். என் கையில் கொடுத்தாள். “ஆன்ட்டி, இது இனிமே உங்க பொருள்தான்” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். இது எப்படி இருக்கிறது? இதற்காக என்னோடு பேச்சை நிறுத்தியவள், கடைசியில் எனக்கே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அப்படியென்றால் இதன் மதிப்பு அவ்வளவுதானே? இல்லை, நீங்களே சொல்லுங்கள்.

இந்த மாதிரி போனவர்கள் பொருளோடு ஒட்டிக்கொள்வதெல்லாம் எனக்குப் பிடிக்காது. என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் சட்டை, பேன்ட், டை, ஒன்று விடாமல் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். அழுக்குக் கூடையில் ஒரே ஒரு பனியன் இருந்தது. அதையும் துவைத்தேன். எல்லோரும் சொன்னார்கள், வசுமதிக்கு எவ்வளவு மன தைரியம் என்று. போன தீபாவளிக்கு அலமாரியை ஒழிக்கும்போது உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன், பூச்சி இருக்கிறதா என்று. அந்துருண்டை வாசனைதான். சுத்தமாக இருந்தது.

விமானம் ஏறினதிலிருந்து நாலு தடவை இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். உள்ளே சுற்றி ஒரு தோல் பட்டை இருக்கிறது, பாருங்கள். அதில் தங்க எழுத்தில் சம்பந்தி பெயர் இருந்தது, ‘வே’ மட்டும் மிச்சம். இந்தப் பட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு மடிப்பு. அன்றைக்கு இதற்குள் பிரஷ் போகவில்லை. நான் தேய்க்கவில்லை, இந்த ஒரு இடத்தை மட்டும். என் மூக்கை நம்ப முடியாது, முப்பது வருஷமாகச் சோப்புத் தூளில் ஊறின மூக்கு. எதைப் பிடித்தாலும் எனக்கு அதே வாசனைதான் அடிக்கிறது.

கொஞ்சம் இப்படித் திரும்புங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதோ, இந்த மடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள். அருவருப்புப் படாதீர்கள், எல்லாம் துவைத்ததுதான். நன்றாக இழுங்கள். மாடு, வைக்கோல், மருந்து, மனுஷன், எதுவானாலும் பரவாயில்லை. இருந்தால் தோஹாவில் இறங்கினதும் நிரஞ்சனுக்குப் போன் செய்து, அவளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இன்னொரு தடவை வேண்டுமானாலும் பாருங்கள். அவசரமில்லை.

சோப்பைத் தவிர வேறு ஏதாவது வருகிறதா? சொல்லுங்களேன்.